ஐந்து செகண்ட்

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. இந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்குறீங்க?"

காஜா மொய்தீன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணிக் கடையிலிருந்து அப்படியே வந்ததால் சட்டையில் பால் கறை. எழுபது வயதாகிறது. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டு அனுப்பியது இதுதான் முதல் தடவை.

"சோறுதான் சார். இவ அம்மா லைலா, பாயான் பாருவுல இருக்குற ஃபேக்டரிக்குப் போகுமுன்னே ஆக்கி வச்சிட்டுப் போயிடும். வேறென்ன கொடுப்பாங்க?"

"விளையாடாதீங்க. நானூறு மீட்டர். மூணு மாசத்துக்கு முன்னாடி அறுபத்தாறு செகண்ட். நேத்து அறுபத்தொண்ணு. சோத்துல அஞ்சு செகண்ட் குறையுமா?"

ஓட்டப் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீகரன் சாருக்கு நல்ல செய்தி என்றாலே சந்தேகம்தான். போன வருஷம் அவர் நம்பி அனுப்பிய ஒருவன் ஊக்க மாத்திரை போட்டு மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தன் கைக்கடிகாரத்தைக்கூட இரண்டு தடவை தட்டிப் பார்த்துத்தான் நம்புகிறார்.

மாநில அணிக்கு நான்கு மணிக்குள் பெயர் அனுப்பியாக வேண்டும். மேசையில் கிடந்த பாரத்தில் நானூறு மீட்டருக்கான இடம் மட்டும் காலி. அதில் ஃபாத்திஹாவின் பெயரை எழுதுவதா, கோடு போட்டு விடுவதா என்பதுதான் கேள்வி.

பதினாறு வயது ஃபாத்திஹா, ஓட்டக் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அந்தப் போத்தல்ல என்ன?"

"பார்லி தண்ணி சார்."

"இப்படிக் கொடு."

மூடியைத் திறந்து முகர்ந்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மடக்கு குடித்தார்.

"இனிப்பே இல்ல."

"சீனி போட்டா சுலைஹா அக்கா ஏசுவாங்க சார்."

"அது யாரு?"

"எங்க ஃப்ளாட்டுல மேல் மாடி. முன்னே பினாங்கு மாநில அணியில ஓடினவங்க. தினம் காலையில என்னோட ஓட வர்றாங்க. இப்ப ஆஸ்பத்திரியில நர்ஸ்."

"நர்ஸா?" ஸ்ரீகரன் நிமிர்ந்தார். "ஊசியெல்லாம் போடுவாங்களா?"

"சார், அந்தப் பொண்ணு இவ முட்டிக்கு ஒரு பிளாஸ்டர்கூட ஒட்டல," என்றார் காஜா மொய்தீன். "'இதெல்லாம் ஒரு காயமா, ஓடுடி'ன்னு விரட்டுது லா!"

ஃபாத்திஹா சிரித்துவிட்டாள். சார் சிரிக்கவில்லை.

"அப்பா அம்மா டிவோர்ஸ் ஆகி எத்தனை மாசம்?" என்று அவளிடம் கேட்டார்.

சிரிப்பு நின்றது. "மூணு மாசம் சார்."

"அதான் எனக்கு இடிக்குது. இருபது வருஷமா பார்க்குறேன் ஐயா. அப்பா அம்மா பிரிஞ்ச பிள்ளைங்க முதல்ல பயிற்சிக்கு லேட்டா வரும். அப்புறம் வரவே வராது. இவ என்னடான்னா பறக்குறா. மனசு உடைஞ்சவ பறப்பாளா? ஏதோ மருந்து வேலை செய்யுது."

"தூக்கம் சார்."

"என்ன?"

"தூக்கம்தான் மருந்து. முன்னெல்லாம் இவ அத்தா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சண்டைதான். குடி இல்ல, சூது இல்ல, வாய். ரெண்டு மணி வரைக்கும் கத்துவான். சட்டி பறக்கும். பிள்ளை படிக்கட்டுல போய் உக்காந்துக்கும். நானும் கூடப் போய் உக்காந்துக்குவேன். காலையில இங்க வந்து எப்படி ஓடும்?"

ஸ்ரீகரன் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"அவன் போனப்புறம் முதல் வாரம் பூரா தூங்கிச்சு சார். மவுத்தாப் போச்சோன்னு மூக்குல விரல் வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது வாரம் தானா எழுந்து ஷூவைத் தேடிச்சு. இப்ப ஒம்போது மணிக்கெல்லாம் வீட்டுல விளக்கு கிடையாது."

"தாத்தா, போதும்," என்றாள் ஃபாத்திஹா மெதுவாக.

"நீ சும்மா இரு."

ஸ்ரீகரன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க? மருமகனைப் பத்தி நல்லதா பேசின மாமனாரை நான் பார்த்ததே இல்ல. பொண்ணைப் பெத்தவங்க பழியைப் பூரா அவன் மேலதான் போடுவாங்க. இப்ப அந்த ஆள் எங்கே?"

காஜா மொய்தீன் தரையைப் பார்த்தார். "பாகான் டாலாம்ல ஒரு ரூம்ல இருக்கான். நான்தான் துணிப்பையைத் தூக்கி லிஃப்ட்டுல வச்சேன். சாவியையும் வாங்கிக்கிட்டேன்."

"பாருங்க. உங்க மகளுக்காக மருமகனை விரட்டியிருக்கீங்க. இப்ப பேத்திக்காகப் பேச வந்திருக்கீங்க. இதை நம்பி நான் எப்படி லா பேரை எழுதுறது?"

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். ஃபாத்திஹா காலணிக் கயிற்றை விரலில் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

கிழவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லைலா என் மக இல்ல சார், மருமக. நான் வீட்டை விட்டு அனுப்பினது, நான் பெத்த ஒரே மவனை."

ஸ்ரீகரன் பாரத்தை இழுத்தார். காலியாக இருந்த இடத்தில் நூர் ஃபாத்திஹா என்று எழுதி முடிக்கும்வரை அவர் நிமிரவே இல்லை.