பிழை தேடியவள்

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு மயக்கமருந்தைக் குறைத்தால் சீக்கிரம் மீள்வார்கள் என்று டாக்டர் இளம்பரிதி எழுதிய ஆய்வைத் தீவிர சிகிச்சைப் பிரிவே கொண்டாடியது. அவனோடு படித்து, அதே பிரிவில் வேலை பார்த்த டாக்டர் தாமரைக்கண்ணி அதில் பிழை தேடினாள். நோயாளிகளைத் தேர்ந்த விதம், பாதியில் விலகியவர்கள், இறந்தவர்கள் என்று நான்கு முறை துருவினாள். ஊசி நுழையக்கூட இடமில்லை. வயிறு எரிந்தது.

"மேடம், ஆறாம் பெட்டுக்கு மயக்கமருந்தைக் குறைச்சிடட்டுமா?" என்றாள் நர்ஸ்.

தாமரைக்கண்ணி தயங்கினாள். பிறகு, "குறைங்க," என்றாள்.

மூன்றாம் நாள் அந்த நோயாளி கண்விழித்தார். அவர் மனைவி தாமரைக்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்த உயிரு, டாக்டரம்மா," என்று அழுதாள்.

இளம்பரிதியின் பெயர் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நல்லாப் பாத்துக்கங்க," என்றாள்.