வாட்லி வீட்டுக் காகிதங்கள்

"டேய் லமார், பெட்டி மேல ஏறி உட்காராதடா, நசுங்கிடும்! கட்டிலுக்கு அடியில தள்ளு!"

"எரிச்சுட்டா வேலை முடிஞ்சுதேக்கா. அடுப்பு சும்மாதானே கிடக்கு?"

"குடும்பக் காகிதத்தை எரிக்கிறவன் உருப்படுவானா? கண்ணுல படாம இருந்தா போதும்."

எழுபது வயது கொர்னீலியா வாட்லிக்கு மூச்சு வாங்கியது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தி கொழித்த காலத்தில் அவள் முன்னோர் கட்டிய மாளிகை அது. பருத்தியும் போய், நிலமும் போய், இப்போது அவளுக்கு மிச்சம் ஒழுகும் கூரையும் தம்பி லமாரும்தான். இரண்டில் எது அதிகம் செலவு வைக்கிறது என்று அவளால் சொல்ல முடியாது.

வசந்த காலம் வந்தால் ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்ட டிக்கெட் போடுவார்கள். கொர்னீலியாவும் கூடையைக் கவிழ்த்தது போன்ற பாவாடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சிரிப்பாள். அந்த வரும்படி இல்லாவிட்டால் கூரை தலையில் விழும். வீட்டின் பெயர் கெட்டால் வரும்படி நிற்கும்.

இந்த நேரம் பார்த்தா சிகாகோவிலிருந்து அந்தக் கடிதம் வர வேண்டும்? 'என் கொள்ளுப்பாட்டி ஃபீபி உங்கள் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். உங்கள் வீட்டுப் பழைய காகிதங்களைப் பார்க்க விரும்புகிறேன். ஒர்லீன் கெய்ன்ஸ், ஓய்வு பெற்ற ஆசிரியை.'

முடியாது என்றால் பத்திரிகையில் எழுதுவாள். சரி என்றால் பார்த்துவிட்டு எழுதுவாள். இரவெல்லாம் யோசித்த கொர்னீலியா நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மனிதர்களுக்கு என்ன விலை, கோவேறு கழுதைகளுக்கு என்ன விலை என்று ஒரே தாளில் எழுதியிருந்தவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. குடும்பத்தின் பெருமை மட்டும் மேஜைக்கு வந்தது.

மணி அடித்தது. வாசலில் தொப்பியும் கைப்பையுமாக உயரமான கறுப்பினப் பெண்மணி.

"வாங்க, வாங்க! வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

"இல்லம்மா. எங்க ஆளுங்க தப்பிச்சுப் போன வழிதானே? அதுலயே திரும்பி வந்துட்டேன்."

லமாருக்குக் குளிர்ந்த தேநீர் புரையேறியது.

"கேக் எடுத்துக்குங்க. காலையிலதான் சுட்டேன்."

"கேக் எங்க ஓடிடும்? மொதல்ல காகிதத்தைக் காட்டுங்க."

கொர்னீலியா நாடா கட்டிய கடிதக் கட்டைப் பூ மாதிரி எடுத்து நீட்டினாள்.

"எங்க கொள்ளுப்பாட்டி அரபெல்லா, கல்யாணமாகி இங்க வந்ததும் சார்ல்ஸ்டன்ல இருந்த மாமியாருக்கு எழுதின கடிதங்க. கையெழுத்தைப் பாருங்க, முத்து கோத்த மாதிரி! எழுதுற அழகுல சொக்கிப்போய் மாமியாரே பத்திரமா வெச்சிருந்து கடைசியில இங்க திருப்பி அனுப்பினாங்கன்னா பாத்துக்குங்களேன். டிக்கெட் வாங்கி வர்றவங்க மொதல்ல கேக்குறதே இதைத்தான்."

ஒர்லீன் படித்தாள். ஒரு கடிதம், இன்னொரு கடிதம். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கொர்னீலியா தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"வேற காகிதம் இருக்கா?"

"இல்லவே இல்ல. எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு."

"எலி கடிச்சிடுச்சு" என்றான் லமார் அதே நேரத்தில்.

"எலியும் கரையானும் சேர்ந்து..." என்று இழுத்தாள் கொர்னீலியா.

"நல்ல ஒத்துமை" என்று சிரித்தாள் ஒர்லீன். "பதறாதீங்கம்மா. ஆளுங்களை வித்த சீட்டு, வாங்கின சீட்டு எல்லாத்துக்கும் கோர்ட்ல பதிவு இருக்கு. நேத்தே பார்த்துட்டேன்."

கொர்னீலியாவின் முகம் வெளுத்தது. "பத்திரிகையில எழுதப் போறீங்களா?"

"இந்த நாட்டுக்கே தெரிஞ்ச கதைதானே? அதைத் தேடியா இவ்வளவு தூரம் வருவேன்?"

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

ஒர்லீன் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பழைய பைபிளை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஃபீபி பெற்ற பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த நாட்களும் எழுதியிருந்தன. கொர்னீலியா குனிந்து பார்த்தாள். அதே முத்து. எழுத்துக்கு எழுத்து கொடி மாதிரி சுருண்டு இறங்கும் அதே வால். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் அடையாளம் சொல்லக்கூடிய கையெழுத்து.

"அட! எங்க அரபெல்லா எதுக்கு உங்க பைபிள்ல எழுதினாங்க?"

"அரபெல்லாம்மா போட்ட பத்திரங்களையும் கோர்ட்ல பார்த்தேன். எல்லாத்துலயும் கையெழுத்துக்குப் பதிலா, எழுதத் தெரியாதவங்க போடுற வெறும் பெருக்கல் குறிதான்" என்றாள் ஒர்லீன் மெதுவாக. "அடிமைக்கு எழுதத் தெரியும்னு வெளிய வந்தா எங்க ஃபீபிக்குச் சவுக்கடி. மருமகளுக்கு எழுதத் தெரியாதுன்னு வெளிய வந்தா மாமியார்கிட்ட உங்க பாட்டி மானம் போயிடும். ரெண்டு பேருமே வாயைத் திறக்கல. இத்தனை வருஷமா நீங்க டிக்கெட் போட்டுக் காட்டுறது எங்க குடும்பத்துக் காகிதத்தைத்தாம்மா!"