பக்கத்து வீடு

காய்ச்சல் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குத் தாவுகிறது என்று கணக்குப் போட, எதற்கு எது பக்கத்து வீடு என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஊர்க்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அக்கம்பக்கமே இல்லை. அப்படி ஒரு வீடு இருந்தால் கணினி முரண்டு பிடிக்கும். அலுத்துப்போய், விளையாட்டாகத் தன் வீட்டையே அதற்குப் பக்கத்து வீடாக்கிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மாமியார் துணி மடித்துக்கொண்டே சொன்னார். "பக்கத்து வீட்டம்மா வந்திருந்தாங்க. பாவம், பேச்சுத் துணைக்கு ஆளே இல்லையாம். உன்னை ரொம்ப விசாரிச்சாங்க."

"எந்தப் பக்கத்து வீடு அத்தை?"

"என்னம்மா கேள்வி இது? நாளைக்கு நம்மளை வரச் சொல்லியிருக்காங்க."

மறுநாள் முதல் வேலையாக அந்த இணைப்பை நீக்கினாள். கணினி மறுபடி முரண்டு பிடித்தது. அக்கம்பக்கம் இல்லாத வீடு ஒன்று இருக்கிறதாம். வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் வீடு.

உடனே வீட்டுக்கு போன் போட்டாள். மாமியார்தான் எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டைக் காணோம். தெருவையும் காணோம். நீ எந்த வழியாம்மா வருவே?"