ஆமென் சொல்வதற்குள்

"அக்கா, எங்க காலைத் தொட உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

ஒத்திகை நாளில் ஒன்றாம் வகுப்பு அஃப்சல் கேட்ட கேள்வி அது. "எதுக்குலே கூச்சம்?" என்று அன்று சிரித்தவள் அனுசியா. இன்று மேடையில் அவன் காலில் தண்ணீர் ஊற்றும்போது அவள் சிரிக்கவில்லை.

மேலகரத்தை ஒட்டியிருந்த அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் அப்படியொரு வழக்கம். மாணவர் தலைவியாக வருகிறவள் முதலில் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளின் கால்களைக் கழுவ வேண்டும். பிறகு போதகர் ஜெபம் செய்வார். அவர் ஆமென் சொன்னதும் பெயரைக் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து வந்தவர்கள் மேடையேறி பேட்ஜைக் குத்திவிடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அனுசியா ஆசைப்பட்ட பேட்ஜ் அது.

ஜூன் மாதம் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த ஆயாதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அனுசியா ஒருமுறைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துணைத் தலைவி சஃப்ரினுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, ஆயாம்மா பன்னெண்டு தடவ தண்ணி சுமந்துட்டாவ. ஒரு தேங்க்ஸ் சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துருமோ?" என்று கிசுகிசுத்தாள்.

அனுசியா குனிந்தபடியே கடைசிப் பிள்ளையின் காலைத் துடைத்தாள்.

தலைமையாசிரியை அருகே வந்து குனிந்தார். "உங்க வீட்டுல இருந்து யாரையும் காணோமே?"

"அம்மாவுக்கு லீவு கிடைக்கல மிஸ்."

"சரி, நானே குத்தி விடுதேன். ஆனா ஆமென் சொல்லும்போது நீ இங்கன நிக்கணும். போன வருசம் ஒருத்தி தண்ணி குடிக்கப் போனா. பேட்ஜ் துணைத் தலைவிக்குப் போயிட்டு. தெரியும்லா?"

"தெரியும் மிஸ்."

போதகர் எழுந்தார். "எல்லாரும் கண்களை மூடுவோம்."

அறுநூறு பேரும் கண்களை மூடினார்கள். போதகரின் ஜெபம் எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். கடையத்து வயல்களுக்கு மழை, வளைகுடாவில் உழைக்கும் தகப்பன்மாருக்குச் சுகம், பட்டாளத்திலும் போலீசிலும் இருக்கும் அண்ணன்மாருக்குப் பாதுகாப்பு. கடைசியில் டெல்லி வரை போய் ஆட்சியாளர்களுக்கு ஞானம் கேட்டுவிட்டு ஆமென் சொல்லுவார். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

ஜெபத்தில் கடையத்து வயல்களுக்கு மழை இறங்கியபோது அனுசியா கண்ணைத் திறந்தாள். சத்தமில்லாமல் குனிந்து, கால் கழுவிய பேசினைத் தூக்கினாள்.

சஃப்ரின் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "எங்கட்டி போற?"

"வந்துருதேன்."

"கிறுக்கா உனக்கு? பேட்ஜ் என் கைக்கு வந்துட்டுன்னா பொறவு அழப்படாது, பாத்துக்கோ."

"வந்தா வாங்கிக்கோ. இப்பம் கண்ணை மூடு."

பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது யாரோ இருமினார்கள். அனுசியா அப்படியே நின்றாள். எந்தக் கண்ணும் திறக்கவில்லை. கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்த ஆயா, அவளைக் கண்டதும் பதறிவிட்டாள்.

"ஏட்டி, ஜெபத்துக்கு நடுவுல இங்கன என்ன சோலி? பேட்ஜு போயிரும். ஓடு!"

அனுசியா ஓடவில்லை. குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, பேசினைத் தரையில் வைத்து, முழங்காலிட்டாள். நாள் முழுக்க ஈரத்திலேயே நிற்கிற பாதங்கள் அவள் முன்னால் இருந்தன. விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

ஆயா கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம். யாராவது பாத்தா உன்னைத்தான் கேலி பேசுவாவ."

"எல்லாரும் கண்ணை மூடியிருக்காவ."

"எனக்குக் குடுத்த வாக்கு என்னட்டி ஆச்சு?"

உள்ளே ஜெபம் பட்டாளத்தைக் கடந்துவிட்டது. இனி டெல்லி மட்டும்தான் பாக்கி.

அனுசியா நிமிர்ந்து, அன்றைக்கு முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல உன்னை அம்மான்னு கூப்பிட மாட்டேன்னுதான் சொன்னேன், காலைக் கழுவ மாட்டேன்னு சொல்லலியே!"