கோட்டுப் போட்ட முதுகு

இது நான் நேரில் பார்த்தது இல்லை. அம்மா சொன்னது. அம்மா பரிமாறும் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. அந்த வாரம் நான் ஊரில் இல்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டம் கிரேடன் கல்லூரி கொடுத்தது. அதனால் அதைப் பற்றி எழுதும்போது தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாதே என்று ஒரு பயம்.

"நம்ம கோச்சு போயிட்டு வந்துட்டாரு! எல்லாம் பேசி முடிச்சாச்சு!" என்றபடி உள்ளே வந்தாராம் டயர் கடை வெண்டெல்.

ஹார்வெல் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி புதுப் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் கிரேடன் அணியைத் தூக்கி நிறுத்திய கோச் ஹோல்கமைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஊரே கவலைப்பட்டது. ஹார்வெல்காரர்களின் விமானம் எங்கே பறக்கிறது என்று பாதிப் பேர் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் சின்ன விமான நிலையத்திலேயே இறங்கியது. வெண்டெல் வேலியோரம் நின்று படம் எடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அந்தப் படம்தான் மேசை மேசையாகச் சுற்றியது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் விமானத்தில் ஏறுகிறார். முதுகு மட்டும் தெரிகிறது. பின்னால் கோச் ஹோல்கம், இரண்டு கையிலும் பெட்டி.

"யாருய்யா இந்தக் கோட்டுக்காரன்?" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் எமரி.

"ஹார்வெல்லேர்ந்து கூட்டிட்டுப் போக வந்தவன். முதுகைப் பாரு, எப்படி நிமிர்ந்து போறான்! லட்சம் பேர் உட்கார்ற மைதானம் வச்சிருக்கிறவன் அப்படித்தான் நடப்பான். நம்ம ஆளுங்க எவனாவது அப்படி நடந்து பார்த்திருக்கியா?"

"நம்ம மைதானத்துல உடைஞ்ச பெஞ்சையே இன்னும் மாத்தலை. நடையாம் நடை! ஆனா நம்ம கோச்சு அவன் பெட்டியைச் சுமந்துட்டுப் போறாரே, அதான் வயித்தெரிச்சல்."

"பெரிய இடம்னதும் கூலியாளா ஆயிட்டாரு! அதான் அவர் வீட்டுப் புல்தரையில 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகை நட்டுட்டு வர்றேன். தோத்த கோச்சு வீட்டுல நடுவோம். ஜெயிச்சவர் வீட்டுல நடுறது இதான் முதல் தடவை."

"வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"லொரீன் அக்கா வெளியே வந்து, 'சாயுது பாரு, நேரா நடு'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. என்ன நெஞ்சழுத்தம்!"

மூலை மேசையில் ஐசக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோச் ஹோல்கமின் துணைப் பயிற்சியாளர். எப்போதும் சாயம்போன சாம்பல் பனியன், கழுத்தில் விசில். ஆடுகிற காலத்தில் உடைந்த வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. எதைப் பிடித்தாலும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"மகாராஜா காப்பி குடிக்கிற அழகைப் பாருங்கடா!" என்று வெண்டெல் வழக்கம்போல ஆரம்பித்தார். "உன்னை நினைச்சாத்தான்டா பாவமா இருக்கு. புதுசா வர்றவன் அவன் ஆளுங்களைக் கூட்டிட்டு வருவான். உன் வேலை போச்சு. என் கடைக்கு டயர் மாட்ட வர்றியா?"

"என்னை என்ன வேணா சொல்லுங்கண்ணே. கோச்சைப் பேசாதீங்க."

"பார்றா, விட்டுட்டு ஓடுறவருக்கு வக்காலத்து! நாளைக்குக் கல்லூரித் தலைவரைப் பார்க்கப் போறோம். அவரா போறதுக்கு முன்னாடி நாமளே துரத்திடணும். அப்பதான் நம்ம மானம் நிக்கும்."

ஐசக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முட்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தலைவரைப் பார்க்கக் கிளம்பியவர்கள் கடையில் கூடியிருந்தபோது, தொலைக்காட்சியில் ஹார்வெல்லின் அறிவிப்பு வந்தது. புதுப் பயிற்சியாளர் மேடையேறினார். கறுப்புக் கோட்டு.

ஐசக்!

எமரி எழுந்து போய்த் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

"அவங்க கோச் ஹோல்கமைத்தான் கூப்பிட்டாங்க. அவர் என் பேரைச் சொன்னார்" என்றார் ஐசக், மேடையிலிருந்து. "என்கூடவே வந்தார். என் பெட்டியைக்கூட என்னைத் தூக்க விடலை. 'இன்னைக்கு நீ தலைமைப் பயிற்சியாளரா போறே. முதுகை நிமித்தி முன்னால நட'ன்னார்."

அன்று மத்தியானம் கோச் ஹோல்கம் கடைக்கு வந்தபோது அம்மா கேட்டேவிட்டாள்.

"முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே, கோச்?"

"சின்னக் கல்லூரித் துணைப் பயிற்சியாளரான்னு அங்கே கலாட்டா பண்ணியிருப்பாங்க, ஒலீட்டா. கையெழுத்தாகட்டும்னு இருந்தேன். ஐசக்தான் மனசு கேட்காம வந்து பலகையைப் பிடுங்கிப் போட்டான். ஊருக்குச் சந்தேகம் வந்துடும்னு லொரீன் திரும்ப நட்டுட்டா."

பக்கத்து மேசையில் வெண்டெல் வெளியூர்க்காரர் ஒருவரிடம் மார்தட்டிக்கொண்டிருந்தாராம். "ஹார்வெல்லா? அவங்களுக்கே நாங்கதான் சார் கோச்சு அனுப்புறோம்! அந்த நடையைப் பத்தி நேத்தே சொன்னேன், வேணும்னா எமரியைக் கேளுங்க!"

அம்மா எதைச் சொன்னாலும் கொஞ்சம் சர்க்கரை தூவித்தான் சொல்வாள். அதனால் ஊருக்குப் போனபோது வெண்டெலிடம் அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக்காரரின் வலது கை படியின் கைப்பிடியில் இருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.