பவர் வைத்த கறுப்புக் கண்ணாடி

பக்கத்தில் வந்து உட்காருங்கள் சாமி, சின்னதாக ஒரு கதை சொல்கிறேன்.

பள்ளிபாளையத்துக் கண்ணாடிக் கடையில், தன் அண்ணனின் பழைய மூக்குக் கண்ணாடியைச் சௌந்திரம் நீட்டினாள்.

"இதே பவர்ல, ஆத்துத் தண்ணி மினுக்கம் கண்ணைக் கூச வெக்காத கறுப்புக் கண்ணாடி வேணுங்க. தூண்டில் போடறதுக்குன்னு அண்ணன் நாலு வருசமாக் கேட்டாருங்க."

"பவர் வெச்சா எட்டு நாளாகும். வெறும் கறுப்புன்னா இப்பவே தாரேன்" என்றார் கடைக்காரர்.

"ஐயோ, பவர் இல்லாட்டி அவருக்குத் தக்கையே தெரியாதுங்க. எட்டு நாளானாலும் சரி, வர்ற வாரம் புதன்கிழமைக்குள்ள வேணுமுங்க."

"சரிங்கம்மா. போட்டுப் பாக்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

சௌந்திரம் பழைய கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"அதுக்கு மறுநாள் வியாழக்கிழமை அவருக்குக் கருமாதிங்க. ஆசைப்பட்டதைப் படையல்ல வெக்கோணும். அங்க போயும் அவரு கண்ணு தெரியாம உக்கோந்திருக்கக் கூடாதுங்க."

உங்கள் வீட்டில், ஆசைப்பட்டவர் இருக்கும்போதே ஆசைப்பட்டது வந்து சேரட்டும் சாமி.