அக்காவின் ரோஜா

"பிழைச்சுக்குமாண்ணே?" என்று கேட்டாள் அவள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார், விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு மோசமாகிற வரைக்கும் என்னம்மா பண்ணீங்க?" என்றார்.

டாக்டர் முன்னால் தலைகுனிகிற தாயைப்போல அவள் அந்த நர்சரியில் தலைகுனிந்து நின்றாள். ரோஜாத் தொட்டியை பஸ்ஸில் வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

நர்சரிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். தண்ணீர் தினமும் ஊற்றுகிறீர்களா, மண் காய்ந்த பிறகு ஊற்றுகிறீர்களா. வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா, அது அடைத்துக்கொண்டு விட்டதா. எல்லாவற்றுக்கும் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். அவள் பார்த்துக்கொண்ட விதத்தில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இலை ஓரமெல்லாம் கருகியிருக்கு பாருங்க. உரத்தை அள்ளிப் போட்டீங்களா? இல்ல, வேற ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"இல்லண்ணே."

அவர் செடியை மண்ணோடு மெதுவாக வெளியே எடுத்தார். "பாவம், இளஞ்செடிம்மா. வச்சு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. வேர் இன்னும் தொட்டி ஓரத்தையே தொடல, அதுக்குள்ள கருத்துப்போச்சு" என்றவர், மண்ணை மாற்றுவது எப்படி, கிளையை எங்கே வெட்டுவது என்று சொல்லிக்கொண்டே போனார். அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இல்லை என்று சொன்ன பொய், திரும்பி வரும் வழியெல்லாம் நாக்கில் கசந்துகொண்டிருந்தது.

அவள் அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எண்ணி எண்ணிப் பேசுகிறவன். முதல் மனைவி இறந்து மூன்று வருடமாகியும் அவளைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அவனுக்கும் சேர்த்துப் பேசியவள் மாடிவீட்டுக்காரிதான். அந்தப் பெண்ணுக்குச் செடி என்றால் உயிர், இந்த பால்கனியில் கால் வைக்க இடம் இருக்காது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்.

இப்போது அங்கே காலித் தொட்டிகளும் இந்த ஒரே ஒரு ரோஜாவும்தான் இருந்தன. அவள் வந்த அன்றே அதைக் காட்டி, "இதை மட்டும் நல்லா பாத்துக்கோ" என்றான் அவன். சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பார்த்துக்கொண்டாள். ஆனால் வேலை விட்டு வந்ததும் அவன் கையில் இருக்கும் கிரீஸைக்கூடக் கழுவாமல் நேரே பால்கனிக்குப் போவான். இலைகளை விலக்கி விலக்கிப் பார்ப்பான். அப்புறம்தான் இவள் பக்கம் திரும்புவான். போனவளுக்கு முதல் உபசாரம், இருக்கிறவளுக்கு மிச்சம் மீதி என்று அவளுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

ஒரு மத்தியானம், என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே, ஜக் தண்ணீரில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கரைத்தாள். அதை ஒரு சொட்டு விடாமல் வேரில் ஊற்றினாள்.

முதல் இலை கருகியதுமே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருத்தியோடு தனக்கென்ன பகை? அவள் இந்த வீட்டில் விட்டுப்போன ஒரே உயிர் அது. அதையும் பறித்துக்கொண்டால் தான் என்ன பிறவி?

நர்சரிக்காரர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். மண்ணை மாற்றினாள், கருகிய கிளைகளை வெட்டினாள், நிழலில் வைத்து நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்தாள். தண்டு அடிவரைக்கும் கருத்துக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ரோஜா இலை ஏன் கருகுகிறது, பட்ட செடி திரும்பத் துளிர்க்குமா என்று யார் யாரோ கேட்க, ஒரு பெண் சிரித்த முகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சொன்னபடியே அவன் நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தான். உள்ளே பச்சை இல்லை.

"என் மேலதான் தப்பு. வெயில் படாத மூலையில வச்சுட்டேன் போல" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க கொன்னேன். உப்புத் தண்ணி ஊத்திக் கொன்னேன்." கையிலிருந்த கரண்டியைத் தரையில் வைத்தாள். "அக்காவோட செடி. நீங்க அதையே பாத்துக்கிட்டிருந்தது எனக்குப் பொறுக்கல."

அவன் செல்போனை அணைத்தான். கீழே தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கத்துவான், அம்மா வீட்டுக்குப் போ என்பான் என்று அவள் காத்திருந்தாள். எது சொன்னாலும் தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவ வச்சதெல்லாம் அவ போன கையோடவே காஞ்சு போச்சு" என்றான் கடைசியில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், காய்ந்த தண்டைத் தடவிக்கொண்டே, முதல் பூ விட்டதும் சொல்லலாம் என்று இருந்ததாகச் சொன்னான்.

"இது நம்ம கல்யாணம் முடிவான அன்னைக்கு உனக்குன்னு வாங்கினது."